மங்கு மெஷினும் ராஃபியா கயிறும்

“ஆம்பள ஆளு யாரும் வரலியாம்மா?”

கதவைத் திறந்ததும் சிவலிங்கம் அங்கிள் கேட்ட முதல் கேள்வி இதுதான். கேட்டுவிட்டு என் தோளுக்கு மேலாக லிஃப்ட் பக்கம் எட்டிப் பார்த்தார். உள்ளேயிருந்து ஒரு மீசைக்காரர் பெரிய பையைத் தூக்கிக்கொண்டு வருவார் என்று நினைத்திருப்பார் போல. லிஃப்ட் கதவு மூடிக்கொண்டு கீழே போய்விட்டது. வாசலில் மிஞ்சியது நானும் என் நீல நிற டூல் பாக்ஸும்தான். எனக்கு அரை அடி பின்னால், செருப்பைக் கழற்றுவதா வேண்டாமா என்று தெரியாமல் அம்மா நின்றிருந்தாள்.

“நான்தான் அங்கிள் ஆளு,” என்றேன்.

அவர் சிரிக்கவில்லை. கோபப்படவும் இல்லை. “இது ஃபேக்டரி மெஷின் இல்லம்மா. வீட்டு மெஷின். உள்ள ரொம்ப நுணுக்கமா இருக்கும்,” என்று எனக்குப் புரியும்படி மெதுவாகச் சொன்னார்.

பாயான் லெப்பாஸில், தலைமுடியைவிட மெல்லிய தங்கக் கம்பியைச் சில்லு மேல் ஒட்டுகிற மெஷின்கள் வரிசையாக நிற்கும் ஒரு தொழிற்சாலையில் நான் டெக்னீஷியன். எது நின்றாலும் ஓடிப் போய்ப் பார்ப்பது என் வேலை. நுணுக்கத்தைப் பற்றி நானும் சில வார்த்தைகள் சொல்லியிருக்கலாம். சொல்லாமல் செருப்பைக் கழற்றினேன். அம்மாவும் கழற்றினாள்.

கைப்பிடியில் ஒரு முடிச்சு

எங்கள் வீட்டுப் பேச்சில் தட்டு, கிண்ணம், கோப்பை எல்லாமே மங்குதான். அதனால் பாத்திரம் கழுவும் இயந்திரத்துக்கு அம்மா வைத்த பெயர் மங்கு மெஷின். எனக்கும் இப்போது வேறு பெயர் வாயில் வருவதில்லை.

அம்மா எங்கள் ஊர் பாகான் டாலாமிலிருந்து ஃபெரி ஏறி, பஸ் பிடித்து, புலாவ் டிக்குஸில் இருக்கிற இந்த அடுக்குமாடி வீட்டுக்கு வேலைக்குப் போகிறாள். கூட்டுவாள், துணி மடிப்பாள், சமையலுக்குக் கூடமாட ஒத்தாசை செய்வாள். வீட்டுக்காரி லோகா டீச்சர், ஓய்வு பெற்ற ஆசிரியை. அவர் கணவர்தான் அங்கிள், பேங்கில் இருந்து ஓய்வு பெற்றவர். வெளிநாட்டில் இருக்கும் மகன் ஒருமுறை விடுமுறைக்கு வந்தபோது இந்த மெஷினை வாங்கி வைத்துவிட்டுப் போனான்.

அம்மாவுக்கு எழுதப் படிக்கத் தெரியாது. ஆனால் மெஷின் வந்த முதல் வாரமே அதைப் பழக்கிவிட்டாள். இடமிருந்து மூன்றாவது பட்டன். அமுக்கினால் இரண்டு தரம் கூவும். பிறகு தண்ணீர் வரும் சத்தம் கேட்க வேண்டும். அது கேட்டபிறகுதான் அந்த இடத்தை விட்டு நகர்வாள். பசு தண்ணீர் குடிக்கிற மாதிரி இருக்கும் என்று வீட்டில் வந்து சொல்லுவாள். அம்மா பசு வளர்த்ததில்லை. எங்கே கேட்டாளோ.

ஆயுத பூஜை முடிந்து தீபாவளிக்குள் வருகிற அந்த இடைப்பட்ட நாட்களில் ஒன்று. அம்மா வேலை முடிந்து வந்தாள். வழக்கமாகச் சொல்லுகிற ஃபெரி கதை எதையும் சொல்லாமல் சிங்க்கில் கிடந்த எல்லாவற்றையும் கழுவினாள். கழுவியதையே மறுபடியும் எடுத்துக் கழுவினாள். மறுநாள் காய்ச்சல் என்று டீச்சருக்குப் போன் போட்டுச் சொல்லிவிட்டாள். அதற்கடுத்த நாளும் அதே காய்ச்சல். தொட்டுப் பார்த்தேன். மீன் பெட்டி மாதிரி சில்லென்று இருந்தாள்.

துருவித் துருவிக் கேட்டபிறகு சொன்னாள். பூஜைக்கு மறுநாள் மெஷின் ஓடி முடிந்தும் தண்ணீர் இறங்கவில்லை. அடியில் குளம் கட்டி நின்றது. அங்கிள் வந்து பார்த்து, எந்தப் பட்டனை அமுக்கினீர்கள் என்று கேட்டார். காட்டினாள். இல்லை, வேறு எதையோ அமுக்கியிருப்பீர்கள் என்றார். நானே ஓட்டிப் பார்க்கிறேன் என்று ஓட்டினார். அதுவும் சரிப்படவில்லை. கடைசியில் கட்டு கட்ட வைத்திருந்த இளஞ்சிவப்பு ராஃபியா பிளாஸ்டிக் கயிற்றை எடுத்து வந்து, மெஷின் கைப்பிடியை அலமாரிக் கைப்பிடியோடு சேர்த்து முடிச்சுப் போட்டுக் கட்டினார். கட்டிக்கொண்டே டீச்சரிடம், “படிக்கத் தெரியாதவங்க கையில இத குடுத்தது நம்ம தப்பு,” என்றார். மெதுவாகத்தான் சொன்னார். அம்மா இரண்டு எட்டு தள்ளி நின்று வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள்.

“கயிறு எதுக்கு கட்டுனாங்கன்னு புரிய, படிக்கத் தெரிஞ்சிருக்கணுமா?” என்று என்னிடம் கேட்டாள் அம்மா.

இனி அந்த வீட்டுக்குப் போவதில்லை என்று முடிவு செய்திருந்தாள். வேலை வேறு இடத்தில் கிடைக்கும். ஆனால் அந்த மெஷினைக் கெடுத்தவள் என்ற பெயரைச் சுமந்துகொண்டு அவள் ஃபெரி ஏறி இறங்குவதை என்னால் நினைத்துப் பார்க்க முடியவில்லை. டீச்சருக்கு நானே போன் போட்டேன். சனிக்கிழமை வருகிறேன், ஒரு தடவை பார்க்கட்டுமா என்றேன். டீச்சர் உடனே வா என்றார். அங்கிளிடம் ‘ஒரு ஆள் வருகிறது’ என்று மட்டும் சொல்லி வைத்திருக்கிறார்.

கரண்டு படித்தவள்

இங்கே கொஞ்சம் பின்னால் போக வேண்டும்.

என் குடும்பத்தில் பள்ளிக்கூடத்தை முடித்த முதல் ஆள் நான். அப்பா லோரி ஓட்டுகிறார். ஆரம்பப் பள்ளியின் பாதியிலேயே நின்றவர். அம்மா அந்த வாசலையே மிதித்ததில்லை. நான் பாலிடெக்னிக் முடித்துப் பட்டம் வாங்கிய நாளில் அப்பா கம்பெனி லோரியிலேயே எங்களை ஏற்றிக்கொண்டு வந்தார். மண்டபத்துக்கு முன்னால் வரிசையாகக் கார்கள். லோரியை எங்கே விடுவது என்று காவலாளியோடு ஒரு வழக்கு. அம்மா தீபாவளிச் சேலையில் உயரமான இருக்கையிலிருந்து பத்திரமாக இறங்கினாள். எல்லாம் முடிந்து படம் எடுக்கும்போதுதான், “நீ என்னதான் படிச்ச, சொல்லேன்,” என்று கேட்டாள். எலக்ட்ரானிக் என்று ஆரம்பித்து, பிறகு எளிதாக இருக்கட்டுமே என்று “கரண்டு” என்றேன்.

அது போதும். மகள் கரண்டு படித்திருக்கிறாள் என்று பாகான் டாலாம் முழுக்கச் சொல்லிவிட்டாள். அன்றிலிருந்து எங்கள் வீட்டு வாசல் ஓர் ஆஸ்பத்திரி. காற்றாடி, அயர்ன் பெட்டி, மாவு அரைக்கும் கிரைண்டர், ஒருமுறை ஒரு கோயில் மைக். சில பேர் பழுதைச் சொல்லாமலே வைத்துவிட்டுப் போவார்கள், டாக்டர் கண்டுபிடிக்கட்டும் என்று.

எனக்கு அது பிடித்திருந்தது. தொழிற்சாலையில் ஒரு மெஷினைச் சரி செய்தால் அது ஓடத் தொடங்கும், அவ்வளவுதான். வாசலில் ஒரு காற்றாடியைச் சரி செய்தால் அதைக் கொண்டுவந்த அக்கா அதன் முன்னாலேயே முகத்தைக் காட்டிக்கொண்டு நிற்பார். இரண்டுக்கும் வித்தியாசம் உண்டு.

தொழிற்சாலையில் முதல் நாள் என்னைப் பார்த்ததும் ஒரு மேற்பார்வையாளர் பேக்கிங் பகுதிக்கு வழிகாட்டினார். நான் மெஷின் பக்கம் என்றேன். வழி தவறிய குழந்தையைப் பார்ப்பது போலப் பார்த்தார். அந்தப் பார்வை எனக்கு நன்றாகப் பழகிவிட்டது. அதனால்தான் அங்கிள் லிஃப்டை எட்டிப் பார்த்தபோது எனக்குப் பெரிதாக ஒன்றும் தோன்றவில்லை. தோன்றியது அம்மாவைப் பற்றித்தான். உள்ளே வந்தவள் சமையலறை வாசலிலேயே நின்றுவிட்டாள். கயிறு அப்படியே இருந்தது.

சிவப்புத் தண்ணீர்

முடிச்சை அவிழ்க்க முயன்றேன். பேங்க்காரர் போட்ட முடிச்சு. அவிழவில்லை. பிளையரால் நறுக்கினேன். இரண்டு துண்டையும் என்ன செய்வதென்று தெரியாமல் டூல் பாக்ஸில் போட்டுக்கொண்டேன்.

கதவைத் திறந்ததும் ஊறிப்போன வாடை. முதலில் சுவரில் பிளக்கைப் பிடுங்கினேன். தண்ணீர்க் குழாயை மூடினேன். இந்த இரண்டையும் செய்யாமல் உள்ளே கை விடாதீர்கள், யாராக இருந்தாலும். கீழ்த்தட்டை வெளியே எடுத்துவிட்டு, தேங்கி நின்ற தண்ணீரை ஒரு குவளையால் மொண்டு வாளியில் ஊற்றினேன். கடைசியை ஸ்பாஞ்சால் ஒற்றி எடுத்தேன்.

தண்ணீர் லேசாகச் சிவந்திருந்தது.

“அன்னைக்கும் இப்டிதான் இருந்துச்சு,” என்றாள் அம்மா வாசலிலிருந்து. வந்ததிலிருந்து அவள் பேசிய முதல் வார்த்தை.

“சம்பல் சாறு,” என்றார் அங்கிள்.

மங்கு மெஷினில் தண்ணீர் இறங்கவில்லை என்றால் பத்தில் எட்டு வீடுகளில் குற்றவாளி அடியில் இருக்கிற ஃபில்டர்தான் என்று இப்போது சொல்லுவேன். அந்தச் சனிக்கிழமைக்குப் பிறகு பல வீடுகள் பார்த்துவிட்டேன். நம் வீடுகளில் அதற்குள் கிடைப்பதைப் பார்த்தால் அன்றைய சமையலைச் சொல்லிவிடலாம். கறிவேப்பிலைக் காம்பு, தாளித்த கடுகு, தேங்காய்த் துருவல். சுற்றித் தெளிக்கிற கையின் துளைகளில் கடுகு சரியாகப் போய் உட்காரும், அளவெடுத்துச் செய்த மாதிரி. பல் குத்தும் குச்சியால் தள்ளினால் போதும். கழுவியும் கோப்பையில் வெள்ளைப் படலம் என்றால் மெஷினுக்குள் இருக்கிற உப்புப் பெட்டியையும் பளபளப்புத் திரவத்தையும் பாருங்கள். மெஷின் கிளம்பவே மாட்டேன் என்கிறதா, முதலில் கதவைப் பாருங்கள். ஒரு வீட்டில் குழம்புக் கரண்டியின் காம்பு நீட்டிக்கொண்டு கதவைச் சரியாக மூட விடாமல் செய்தது. அந்த வீட்டு அண்ணன் புது மெஷினுக்கு விலை விசாரித்துக்கொண்டிருந்தார்.

ஆனால் இது முதல் வீடு. எனக்குத் தெரிந்ததெல்லாம், ஒரு இயந்திரத்தை ஒழுங்காகப் பார்த்தால் அதுவே சொல்லும் என்பதுதான்.

ஃபில்டரை இடப்பக்கம் திருகினால் கழன்று வர வேண்டும். நான் திருகவே இல்லை. தொட்டதும் வந்துவிட்டது. பூட்டாமல் சும்மா உட்கார்ந்திருந்தது. சுத்தமாகவும் இருந்தது. இதை மனதில் குறித்துக்கொண்டேன். பின்பக்கக் குழாயில் மடிப்பு இல்லை. சிங்க்கோடு சேரும் இடத்திலும் அடைப்பு இல்லை.

மிச்சம் இருந்தது பம்பு. ஃபில்டர் உட்காரும் குழிக்குள் ஒரு ஓரத்தில் சின்ன பிளாஸ்டிக் மூடி. ஸ்பூன் காம்பால் நெம்பி எடுத்தேன். அதன் பின்னால் தண்ணீரை வெளியே தள்ளுகிற ஒரு குட்டி விசிறி இருக்கும். உடைந்த கண்ணாடி இருக்கலாம் என்பதால் கையை விடாமல் டார்ச்சையும் இடுக்கியையும் விட்டேன்.

விசிறி அசையவில்லை. ஏதோ மஞ்சளாக இதழுக்கும் சுவருக்கும் நடுவில் மாட்டியிருந்தது.

சாஸரில் வைத்தது

இழுத்து எடுத்து ஒரு சாஸரில் வைத்தேன். இன்னொன்று. இன்னொன்று. வெந்துபோன எலுமிச்சை விதைகள். கடைசியாக ஒரு நார்க் கற்றை. அதன் ஓரத்தில் குங்குமச் சிவப்பு இன்னும் போகாமல் ஒட்டிக்கொண்டிருந்தது.

விசிறியை இப்போது விரலால் சுழற்றினேன். நழுவி ஓடாமல் விட்டு விட்டு உதைத்தது. உள்ளே காந்தம் இருந்தால் அப்படித்தான் சுற்றும். தெரியாதவர்கள் பம்பு போய்விட்டது என்று மாற்றிவிடுவார்கள்.

நான் எழுந்து சாஸரை மேசை மேல் வைத்தபோது அங்கிள் கண்ணாடியைத் தூக்கிப் போட்டுக்கொண்டு குனிந்தார். “சரோஜா, எலுமிச்ச சாறு கோப்பைய அப்டியே போட்டீங்களா?”

சரோஜா என் அம்மா. அவள் டீச்சரைப் பார்த்தாள். உடனே வேறு பக்கம் திரும்பிக்கொண்டாள். நானும் டீச்சரைப் பார்த்தேன். டீச்சர் குங்குமத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“அது நான் வெச்ச பழம்,” என்றார் டீச்சர்.

அங்கிள் நிமிர்ந்தார். “மெஷினுக்கு உள்ளயா வெச்ச?”

“வெளிய பொட்டு வெக்காத, சந்தனம் பட்டா கறை புடிக்கும்னு சொன்னது யாரு? காருக்கு வெச்சோம், கம்ப்யூட்டருக்கு வெச்சோம். இது மட்டும் என்ன பாவம் பண்ணுச்சு. நீங்க பாக்காம உள்ள வெச்சேன். பொறவு மறந்துட்டேன்.”

எனக்கு அப்போது பூஜையன்று நடந்தது கண்ணால் பார்த்த மாதிரி தெரிந்தது. குங்குமம் தடவிய பாதி எலுமிச்சம்பழம், கீழ்த்தட்டின் பின்மூலையில், யாருக்கும் தெரியாமல். மறுநாள் அம்மா தட்டுகளை அடுக்கி மூன்றாவது பட்டனை அமுக்கியிருக்கிறாள். கொதிக்கும் தண்ணீரில் சாமி பழம் ஒரு மணி நேரத்துக்கு மேல் வெந்து பிரிந்திருக்கிறது.

சிரிப்பு வந்தது. அடக்கிக்கொண்டேன். அங்கிளுக்கு இன்னும் ஒரு சந்தேகம் இருந்தது. பேங்க்கில் இருந்தவர் அல்லவா. கணக்கு முழுசாக இடிக்காமல் இருக்க வேண்டும் அவருக்கு.

“இவ்ளோ பெரிய விதை ஃபில்டர தாண்டி எப்டி உள்ள போச்சு?”

“ஃபில்டர் பூட்டியிருந்தா போயிருக்காது அங்கிள். கழட்டி கழுவிட்டு, திருப்பி மாட்டும்போது திருகி பூட்டணும். சும்மா வெச்சிருக்காங்க.”

“நான் அத தொட்டதே இல்ல,” என்றாள் அம்மா உடனே.

டீச்சர் அங்கிளைப் பார்த்தார். அங்கிள் மேலே சுற்றுகிற காற்றாடியைப் பார்த்தார். அது நன்றாகத்தான் சுற்றிக்கொண்டிருந்தது.

“பூஜைக்கு முன்னாடி கிளீன் பண்ணேன்,” என்றார் கடைசியில். “வீடியோ பாத்து. அதுல பூட்டுறத காட்டலியே.”

“முழுசா பாத்தீங்களா?” என்றார் டீச்சர்.

இன்னும் முடியவில்லை

ஃபில்டரைத் திருகிப் பூட்டினேன். பிளக்கைப் போட்டு, குழாயைத் திறந்து, பட்டனை அமுக்கினேன்.

பம்பு ஓடியது. ஓடிக்கொண்டே இருந்தது. வெளியே தள்ளத் தண்ணீரே இல்லை. இருந்தும் தள்ளிக்கொண்டிருந்தது. புதுத் தண்ணீர் உள்ளே வரவேயில்லை. அணைத்துவிட்டு மறுபடியும் போட்டேன். அதே கதை.

அங்கிள் பெருமூச்சு விட்டார். “பரவால்லம்மா. நீ பாத்த வரைக்கும் சரி. தீபாவளிக்கு அப்பறம் கடையிலேருந்து ஆள கூப்புட்டுக்கலாம்லா. என்ன அமுக்குனதுல என்ன ஆச்சோ, அவங்க வந்து பாத்தாதான் தெரியும்.”

அம்மாவின் முகம் மறுபடியும் கயிறு கட்டின முகம் ஆகிவிட்டது. விதைகளைக் கண்டுபிடித்தது போதாது. மெஷின் ஓடாவிட்டால், பழம் ஒரு பக்கம் இருந்தாலும் ‘சரோஜா ஏதோ அமுக்கிட்டா’ என்ற பேச்சும் ஒரு மூலையில் இருந்துகொண்டே இருக்கும். எனக்குக் காது சூடாகியது.

தரையில் உட்கார்ந்தேன். தொழிற்சாலையில் எனக்கு வேலை சொல்லித் தந்தவர்கள் யாரும் இதைச் சொல்லித் தரவில்லை, நானே பழகிக்கொண்டது: கோபம் வந்தால் ஸ்க்ரூ டிரைவரைக் கீழே வைத்துவிட வேண்டும். வைத்தேன்.

தண்ணீரே இல்லாதபோது ஒரு மெஷின் எதற்கு விடாமல் தள்ளும்? வெள்ளம் வந்துவிட்டது என்று அது நம்பினால்தான். எதைப் பார்த்து நம்புகிறது? பாத்திரத் தொட்டிக்குக் கீழே, கண்ணுக்குத் தெரியாமல், இன்னொரு தட்டு இருக்கும். எங்காவது ஒழுகினால் அதில் சேரும். அதில் ஒரு மிதவை. தண்ணீர் சேர்ந்து மிதவை மேலே வந்தால், வீட்டை நனைக்கக் கூடாது என்று மெஷின் புதுத் தண்ணீரை எடுக்காது, இருப்பதை வெளியே தள்ளிக்கொண்டே இருக்கும். நல்ல பிள்ளை. ஆனால் அந்தத் தட்டுக்குத் தண்ணீர் எங்கிருந்து வந்தது?

“இது எப்பவாச்சும் ஒழுகுச்சா ஆன்ட்டி?”

டீச்சர் இல்லை என்றார். அங்கிள் இல்லவே இல்லை என்றார்.

“நொரை வந்துச்சு,” என்றாள் அம்மா.

எல்லோரும் திரும்பினோம். அம்மா வாசலிலிருந்து இரண்டு எட்டு உள்ளே வந்திருந்தாள்.

“சார் ஓட்டி பாத்தாருல்ல, அப்போ. கதவுக்கு அடியில பொங்கி வந்துச்சு. சமையக்கட்டு பூரா. நான்தான் மாப்பு போட்டேன். நல்ல வாசமா இருந்துச்சு, சிங்க்குல போடுற சோப்பு வாசம்.”

இப்போது அங்கிளுக்குப் பார்க்கக் காற்றாடியும் போதவில்லை. மெஷினுக்குப் போடுகிற சோப்பு மாத்திரை தீர்ந்துவிட்டதாம். சோப்பு என்றால் சோப்புதானே என்று கை கழுவும் இடத்தில் இருந்த பாத்திர சோப்பைத் தாராளமாக ஊற்றியிருக்கிறார். அந்த சோப்பு இந்த மெஷினுக்குள் போனால் மலையாக நுரை கட்டும். கட்டின நுரை எல்லா இடுக்கிலும் இறங்கி அடித்தட்டை நிரப்பிவிடும்.

“சோப்புல என்னம்மா இருக்கு,” என்றார் அங்கிள், குரல் இறங்கி.

“வெள்ளம் இருக்கு அங்கிள்,” என்றேன். டீச்சர் சிரித்துவிட்டார்.

நல்லவேளை, அது சுவரோடு பொருத்திய மெஷின் இல்லை. இழுத்தால் வரும். பிளக்கைப் பிடுங்கி, குழாயை மூடி, அங்கிள் ஒரு பக்கம், நான் ஒரு பக்கம் பிடித்து வெளியே இழுத்தோம். பிறகு மெதுவாகப் பின்னால் சாய்த்தோம். அடியில் இருந்து சலசலவென்று தண்ணீர் வெளியே ஓடி வந்தது, நுரையோடு. அம்மா அதற்குள் மாப்போடு நின்றிருந்தாள். எப்போது எடுத்தாள் என்று யாரும் பார்க்கவில்லை.

அடித்தட்டு காய வேண்டும். நிற்கும் காற்றாடியை வைத்துவிட்டு எல்லோரும் தே தண்ணீர் குடித்தோம். டீச்சர் முறுக்கு கொண்டுவந்து வைத்தார். தீபாவளிக்கு முன்னாலேயே சுட்டது, யாரும் சொல்லிவிடாதீர்கள் என்றார். அம்மா இந்த வீட்டில் நாற்காலியில் உட்கார்ந்து தே குடித்து நான் பார்த்தது அன்றுதான். மங்குக் கோப்பையின் விளிம்பை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டிருந்தாள்.

மெஷினை இடத்தில் தள்ளி வைத்து, பிளக்கையும் குழாயையும் போட்டு, நான் பட்டனுக்குக் கையை நீட்டினேன்.

“இரும்மா,” என்றார் அங்கிள். அவர் என்னைப் பார்த்துப் பேசவில்லை. “சரோஜா, நீங்களே போடுங்க.”

அம்மா கையைச் சேலையில் துடைத்தாள். இடமிருந்து மூன்றாவது. அமுக்கினாள். இரண்டு தரம் கூவியது. பம்பு கொஞ்ச நேரம் உறுமிவிட்டு அடங்கியது. அம்மா குனிந்து கதவோடு காதை வைத்தாள்.

பசு தண்ணீர் குடித்தது.

ஃபெரியில் கேட்டது

திரும்பும் வழியில் என் மோட்டார் சைக்கிளை ஃபெரியின் கீழ்த்தளத்தில் நிறுத்திவிட்டு நாங்கள் கம்பி ஓரமாக நின்றோம். வெயில் சாய்ந்திருந்தது. யாரோ பொரித்த வாழைப்பழம் தின்றுகொண்டிருந்தார்கள். எண்ணெய் வாசமும் கடல் வாசமும் சேர்ந்து வந்தன.

எனக்கு ஒன்று மட்டும் உறுத்திக்கொண்டிருந்தது. அம்மா தட்டுகளை அவ்வளவு நேர்த்தியாக அடுக்குகிறவள். பின்மூலையில் ஒரு பழம் இருந்தால் அவள் கண்ணுக்குத் தப்பாது.

“நீ அந்த பழத்த பாத்தல்ல?”

“பாத்தேன்.”

“எடுத்து வெளிய வெச்சிருக்கலாம்லம்மா.”

“குங்குமம் தடவி டீச்சர் வெச்சது. சாமிக்கு வெச்சத நான் எடுத்து குப்பையில போடுறதா? அவங்களா எடுக்குற வரைக்கும் இருக்கட்டும்னு விட்டேன்.”

“சரி, சார் அப்டி சொன்னப்போவாச்சும் சொல்லியிருக்கலாம்.”

அம்மா கடலைப் பார்த்தாள். “அவரு பொட்டு வெக்காதன்னு சொன்னது எனக்கு தெரியும். நான் சொன்னா வீட்டுல ரெண்டு பேருக்கும் சண்ட வரும். எனக்கு இன்னொரு வீடு கெடைக்கும்.”

இத்தனை நாள் காய்ச்சல் என்று படுத்துக் கிடந்தவள் இதை வயிற்றில் வைத்துக்கொண்டுதான் கிடந்தாள். எனக்கு அவளைத் திட்டவும் தோன்றியது, கட்டிப்பிடிக்கவும் தோன்றியது. ஃபெரி முட்டி நின்றதால் இரண்டும் நடக்கவில்லை. எல்லோரும் வண்டியைக் கிளப்பினார்கள். அவள் பின்னால் ஏறிக்கொண்டு என் தோளைப் பிடித்தாள். திங்கட்கிழமை சீக்கிரமே போக வேண்டும், டீச்சருக்கு அதிரசத்துக்கு மாவு இடிக்க ஆள் வேண்டும் என்றாள்.

காய்ச்சல் போய்விட்டது.

வாசலில் நிற்பது

அங்கிள் இப்போது எனக்கு விளம்பரதாரர். கீழ்மாடியில் ஒரு சீன ஆன்ட்டி வீட்டு மெஷினைப் பார்க்க அவரே கூட்டிக்கொண்டு போனார். கதவைத் திறந்த அந்த ஆன்ட்டி என் தோளுக்கு மேலாக லிஃப்டைப் பார்த்தபோது, எனக்கு முன்னால் அங்கிள் பதில் சொன்னார், இவள்தான் ஆள், வேறு யாரும் வரமாட்டார்கள் என்று. மலாயில் சொன்னார். சொல்லிவிட்டு ஃபில்டரை எப்படித் திருகிப் பூட்டுவது என்று அவருக்கு ஒரு வகுப்பும் எடுத்தார்.

மாதக் கடைசியில் என் மேலதிகாரியிடம் போய், இனி சனிக்கிழமை ஓவர்டைம் வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். உடம்பு சரியில்லையா என்று கேட்டார். நன்றாக இருக்கிறேன், எனக்கு வேறு வேலை இருக்கிறது என்றேன். தொழிற்சாலையை விடவில்லை. சனிக்கிழமையை மட்டும் வாங்கிக்கொண்டேன்.

பிறகு அப்பாவோடு பழைய சாமான் கடைக்குப் போய், யாரோ தூக்கிப் போட்ட ஒரு மங்கு மெஷினைத் தேர்ந்தெடுத்தேன். அடுத்தவர் வீட்டு மெஷினில் தவறு செய்து பழகக்கூடாது. சொந்தமாக ஒன்று வேண்டும், பிரித்து, உடைத்து, மறுபடியும் சேர்த்துப் பார்க்க. அப்பா அதை லோரியில் ஏற்றினார். வழியில் கதவு திறந்துகொள்ளக்கூடாதே என்று கயிறு தேடினார். நான் டூல் பாக்ஸைத் திறந்து இளஞ்சிவப்பு ராஃபியாத் துண்டுகள் இரண்டையும் எடுத்து முடிச்சுப் போட்டு நீட்டினேன்.

இன்று காலையிலிருந்து அது எங்கள் வாசலில் நிற்கிறது. அம்மா கயிற்றை அறுத்தாள். கதவின் நட்டநடுவில், எல்லோருக்கும் தெரிகிற மாதிரி, சந்தனம் வைத்துக் குங்குமம் இட்டாள். கறை பிடித்தால் பிடிக்கட்டும். பாதி எலுமிச்சம்பழத்தைக் கையில் வைத்துக்கொண்டு ஒரு நிமிடம் மெஷினைச் சுற்றி வந்தாள்.

“இத எங்க வெக்க?”

“வெளிய,” என்றேன்.

தரையில் வைத்தாள். நான் பின்பக்கம் போய் உட்கார்ந்தேன். தகட்டில் துருவேறிய ஸ்க்ரூக்கள். மேல் மூலையில் இருந்தது கொஞ்சம் அடம் பிடித்தது. அது இப்போது கழன்று, என் உள்ளங்கையில் இருக்கிறது.